மூடிய அறைக்குள் ஓடும் இன்ஜின்

காரிலிருந்து கழற்றிய நல்ல பெட்ரோல் இன்ஜினைப் படகில் பொருத்திக்கொள்ளலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இன்ஜின் பிளாக்கைப் பொறுத்தவரை தடையில்லை. செவ்ரோலே கார்களில் ஓடிய 5.7 லிட்டர் வி8 இன்ஜின்தான் எத்தனையோ அமெரிக்க மோட்டார் படகுகளிலும் ஓடியது. வேறுபாடெல்லாம் பிளாக்கைச் சுற்றி மாட்டும் பாகங்களில்.

சாலையில் ஓடும் காருக்குக் காற்று மூன்று வேலைகள் செய்கிறது. கசிந்த பெட்ரோல் ஆவியைக் கலைக்கிறது, ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, புகையைப் பின்னால் விட்டுவிடுகிறது. படகிலோ இன்ஜின் இருப்பது மூடிய அறைக்குள். அங்கே மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. காருக்கடியில் இறங்கினால் கலைந்து போகும். படகின் அடியில் இறங்கினால் அங்கேயே தேங்கும். வீட்டில் கேஸ் வாடை வந்தால் யாரும் ஸ்விட்சைத் தொடுவதில்லை, முதலில் கதவைத்தான் திறக்கிறார்கள். படகில் அந்தக் கதவின் வேலையைச் செய்வது ஆவியை வெளியே தள்ளும் விசிறியான புளோயர். அதன் உறிஞ்சுகுழாய் அறையின் கீழ்ப்பகுதியில் வாய் வைத்திருக்கும். ஸ்டார்ட் செய்யுமுன் குறைந்தது 4 நிமிடம் அதை ஓடவிட வேண்டும் என்று அமெரிக்கப் படகுகளில் எச்சரிக்கை ஒட்டியே இருக்கும். படகுக்கான ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் உள்ளே எழும் தீப்பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டவை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறது, விலையும் குறைவு என்று கார் ஆல்டர்னேட்டரை மாட்டுகிறவர்கள் தங்கள் உயிரோடு பயணிகளின் உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.

குளிர்விக்கக் கடலே இருக்கிறது. ரப்பர் இம்பெல்லர் வைத்த பம்ப் கடல்நீரை இழுத்துத் தருகிறது. உப்பு இன்ஜினை அரிக்கும் என்பதால் பல படகுகளில் அந்த நீரை இன்ஜினுக்குள் விடுவதில்லை. உள்ளே சுற்றிவரும் நன்னீரின் சூட்டைத் தனிக் கருவி ஒன்றின் வழியே கடல்நீர் வாங்கிக்கொள்கிறது. பம்ப் நீரில்லாமல் சிறிது நேரம் சுழன்றாலே இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் கிழிந்துவிடும்.

சூட்டை வாங்கிய நீர் அடுத்துப் போகுமிடம்தான் அதிசயம். அதைப் புகைக்குழாய்க்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள்! பல நூறு டிகிரி சூட்டில் வரும் புகை அந்த இடத்திலேயே தணிந்துவிடுகிறது. அதற்கப்பால் இரும்பே தேவையில்லை, ரப்பர் குழாய் போதும். சத்தமும் அடங்குகிறது. படகின் பின்புறம் புகையோடு நீர் துப்புகிறதா என்று பார்த்தாலே பம்ப் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். இன்ஜின் பிடிக்காத நேரத்தில் ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்துவதுதான் கூடாது. வெளியே தள்ளப் புகை இல்லாததால் குழாயில் சேரும் நீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் புகுந்துவிடும்.

நீர் சூட்டைத் தணிக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடை அகற்றாது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாவெல் ஏரியில் படகுவீடு ஒன்றின் பின்பலகைக்கு அடியில் நீந்திச் சென்ற அண்ணன் தம்பி இருவர் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை வந்து சேர்ந்த இடம் அது. மணமோ நிறமோ இல்லாத நஞ்சைக் கண்ணும் மூக்கும் கண்டுபிடிக்காது. பின்பக்கம் யாராவது நீரில் இறங்குவதற்கு முன் இன்ஜினையும் ஜெனரேட்டரையும் நிறுத்திவிட வேண்டும். ஆட்கள் தூங்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும். இன்ஜின் வாங்கச் செலவழிப்பவர் இதற்குக் கணக்குப் பார்க்கலாகாது.