குழாயில் வேகம் குறைவதேன்?



கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் நம்மில் அநேகர். "குழாயில் ஃபோர்ஸ் இல்லை" என்ற குறையும் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. உடனே ஆயிரம் லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு இரண்டாயிரம் லிட்டர் தொட்டி வைக்கிறார்கள். பணம் போனதுதான் மிச்சம், வேகம் கூடுவதில்லை. தொட்டியின் கொள்ளளவு இருப்புச் சரக்கு மாதிரி. எத்தனை நாள் தாங்கும் என்பதைத்தான் அது சொல்லும். வேகத்தைத் தருவது உயரம்.

கணக்கு எளிது. குழாய்க்கு மேலே 33 அடி உயரத்தில் தண்ணீர் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம். 10 அடி என்றால் 0.3 கிலோதான். மாடி வீட்டுக் குளியலறைக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் இடையே நாலைந்து அடிதான் இருக்கும். அங்கே ஷவர் சொட்டுவதில் வியப்பில்லை. கீழே கடைக் குழாயில் மட்டும் நன்றாக வரும்.

அப்படியானால் தொட்டியை உயர்த்தலாமே என்பீர்கள். உயர்த்தலாம், ஆனால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன். ஐம்பது கிலோ அரிசி மூட்டை இருபதை ஒரே இடத்தில் அடுக்கியது போல. பழைய மெட்ராஸ் ஒட்டு மாடியில் நான்கு செங்கல் தூண் கட்டி அதன்மேல் தொட்டியை வைப்பது ஆபத்து. சுவர் கீழிருந்து நேராக வரும் இடம் பார்த்து, கட்டடம் தெரிந்தவரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

அதற்கு முன் குழாயைப் பாருங்கள். அரை அங்குலக் குழாயைவிட ஓர் அங்குலக் குழாயின் வாய் நான்கு மடங்கு பெரிது. உராய்வும் குறைவதால் தண்ணீர் நான்கு மடங்குக்கும் மேலேயே வரும். தொட்டியிலிருந்து இறங்கும் பிரதான குழாயில் அரை அங்குலம் போடுவது வீண் சிக்கனம். எல்போக்கள் கூடக்கூட வேகம் குறையும். நம் கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீரில் பழைய ஜி.ஐ. பைப் உள்ளே துருவும் சுண்ணாம்பும் படிந்து, ஒரு விரல் நுழையாத அளவுக்கு அடைத்துவிடும். வெளியே பெயின்ட் அடித்துப் புதிதாகத் தெரியும், ஏமாறாதீர்கள்.

தொட்டி நிறைந்திருந்தும் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கும். தொட்டியின் வெளிக்குழாயில் ஒரு கிளை எடுத்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே திறந்த வாயாக நிறுத்தினால் சரியாகும். சிறு செலவுதான், பல பிளம்பர்கள் கேட்காமல் செய்வதில்லை.

இனி முக்கியமான விஷயம். நம் மாவட்டத்துக்குத் திருச்சி அருகே காவிரியில் எடுத்த தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் 2010 வாக்கில் வரத் தொடங்கியது. அத்தனை தூரம் வந்தும், திருப்புல்லாணி போன்ற ஊர்களில் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிப் போகும் பெண்களைப் பார்க்கிறோம். இந்த நிலையில் தெருக்குழாய் இணைப்பில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது பெரும் தவறு. சட்டப்படியும் கூடாது. அடுத்த வீட்டுக்காரர் குழாய் வறளுவது ஒருபுறம். உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்து, மண்ணுக்குள் இணைப்பு விட்ட இடங்களில் சாக்கடை நீரும் உள்ளே வரும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அந்த வழியாகவும் வரும். அந்தத் தண்ணீரை முதலில் குடிப்பது மோட்டார் வைத்தவர் வீட்டுப் பிள்ளைகள்தான். தரைத்தொட்டி கட்டி, தெருத் தண்ணீர் தானாக அதில் விழும்படி செய்து, அதிலிருந்து மேலே ஏற்றுங்கள். அங்கே மோட்டார் வைப்பதில் குற்றமில்லை.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். ஒரு குழாய் மட்டும் மந்தமென்றால் அதன் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். எல்லாமே மந்தமென்றால் முதலில் கேட் வால்வு முழுதும் திறந்திருக்கிறதா பாருங்கள். பிறகு தொட்டியை ஒட்டிய யூனியனைக் கழற்றி, அங்கேயே வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அங்கே வேகமாக நிரம்பினால் அடைப்பு அதற்குக் கீழே உள்ள பைப்பில். அங்கும் மந்தமென்றால் தொட்டியின் அடியில் சேறு, கழுவி விடுங்கள்.