டர்போ காருக்கு சைலன்சர் மாத்தப் போறீங்களா? ஒரு நிமிஷம்!



போன செமஸ்டர்ல என் நண்பன் ஒருத்தன் வீட்டு டர்போ பெட்ரோல் காருக்கு புது டவுன்பைப்பும் பின்பக்க சைலன்சரும் மாட்டினான். சத்தம் சும்மா கும்முன்னு இருந்தது. ரெண்டு வாரத்துல மூணு பிரச்சனை வந்தது. மீட்டர்ல செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது, மைலேஜ் குறைஞ்சுது, சிக்னல்ல ஏசி போட்டு நின்னா அவங்க அம்மாவுக்குத் தலைவலி. தலைவலிக்குக் காரணம் வெயில்னு நினைச்சுட்டாங்க. உண்மையான காரணம் என்னன்னு கடைசியில சொல்றேன். நீங்களே கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்ப்போம்.

டர்போவும் புகைக்குழாயும்

டர்போ இல்லாத இன்ஜின்ல எக்ஸாஸ்ட் என்பது புகை வெளியேறும் வழி. டர்போ இன்ஜின்ல அந்த வழியிலேயே ஒரு டர்பைன் உட்கார்ந்திருக்கு. புகையின் வெப்பமும் அழுத்தமும்தான் அதைச் சுத்த வைக்குது. டர்பைன் எவ்வளவு வேலை செய்யும் என்பதை, அதுக்கு முன்னாடி இருக்கிற அழுத்தத்தை பின்னாடி இருக்கிற அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் முடிவு செய்யுது.

ஒரு கணக்குக்கு, முன்னாடி 2.4 பார், பின்னாடி 1.4 பார்னு வச்சுக்கோங்க. விகிதம் சுமார் 1.7. பின்பக்கத்தை 1.2 பாருக்கு இறக்கினா விகிதம் 2. பூஸ்ட் சீக்கிரம் ஏறும். இல்லேன்னா அதே பூஸ்ட்டுக்கு முன்பக்க அழுத்தம் குறைவா இருந்தாலே போதும், அதனால புகையை வெளியே தள்ள பிஸ்டன் படற பாடும் குறையும். "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாதான் இழுவை இருக்கும்"னு சொல்றவங்களை நம்பாதீங்க. டர்பைனுக்குப் பின்னாடி தடை குறைவா இருக்கிறதுதான் நல்லது.

ஆனா ஒண்ணு. இப்போ வர்ற கார்கள்ல எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு டார்க் என்று இ.சி.யூ இலக்கு வச்சு ஓட்டுது. குழாயை மட்டும் மாத்தினா, இலக்கைத் தாண்டாம இருக்க அது வேஸ்ட்கேட்டை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும். அதனால ட்யூனிங் இல்லாம கிடைக்கிற லாபம் சின்னதுதான்.

எதை மாத்தினா என்ன ஆகும்?

டர்போவை ஒட்டி வர்றது டவுன்பைப். வித்தியாசம் அதிகம் தெரியறது இங்கேதான். ஆனா நிறைய கார்கள்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதும் இதே இடத்துலதான். அதை எடுத்துட்டு வெறும் குழாய் மாட்டினா கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வரும். கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிற ஆக்சிஜன் சென்சார் இதைக் கவனிச்சு பி-0420 கோடு போட்டு லைட்டை எரியவிடும்.

கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிற குழாயையும் மப்ளரையும் மட்டும் மாத்தினா சத்தமும் எடையும் மாறும், சக்தி பெருசா மாறாது. ரோட்டுல ஓடற காருக்கு இதோட நிறுத்திக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

சட்டத்தையும் மறந்துடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்குது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைத்தண்டனையும் உண்டு. சத்தம், புகை அளவை மீறினா தனியா 10,000 ரூபாய் வரை போகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

*அளவு:* ஒரே அளவு புகை போகும்போது, குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய தலைகீழா மாறும். 2 இன்ச்சை 2.5 ஆக்கினா இழப்பு மூணுல ஒரு பங்கா குறையும். அதுக்கு மேல போனா ஒரு லிட்டர் இன்ஜினுக்கு மிச்சம் ஒண்ணும் பெருசா இல்ல. 3 இன்ச் குழாய் மாட்டினா முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே இடிக்கும்.

*வளைவு:* வளையற இடத்துல குழாய் நசுங்கி இருக்கான்னு கையால தடவிப் பாருங்க. நசுங்கியிருந்தா 2.5 இன்ச்னு காசு கொடுத்து 2 இன்ச் வாங்கின மாதிரி.

*உலோகம்:* 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவுக்கு நல்லா தாங்கும். 409 விலை குறைவு, மேலாப்புல துரு பிடிக்கும். கையில ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. 409-ல நல்லா ஒட்டும், 304-ல அநேகமா ஒட்டாது.

*ஃபிளெக்ஸ் குழாய்:* 304 ஸ்டீல் 1 மீட்டர் நீளம் 400 டிகிரி சூடேறினா சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். இன்ஜினும் ஆடும். இந்த அசைவை ஏத்துக்கிறது ஃபிளெக்ஸ் குழாயும் ஹேங்கர் ரப்பரும்தான். ஃபிளெக்ஸை வெட்டிட்டு நேர்க்குழாய் வெல்டு பண்ணலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க, வேற எங்கேயாவது விரிசல் விடும்.

மாட்டும்போது

வண்டி முழுசா ஆறினதுக்கு அப்புறம் வேலையை ஆரம்பிங்க. ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வைங்க. சென்சார் வயரை முதல்ல கழட்டுங்க.

புது கேஸ்கெட், புது நட்டு. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எல்லாத்தையும் முதல்ல லூசா மாட்டி, ஹேங்கர்ல தொங்கவிட்டு, ஆக்சில், பிரேக் லைன், பெட்ரோல் லைன் எதிலயும் படாம நேராக்குங்க. அப்புறம் டர்போ பக்கத்துல இருந்து பின்னாடி வரை ஒவ்வொண்ணா, மேனுவல்ல இருக்கிற டார்க் அளவுல இறுக்குங்க. கழட்டின ஹீட் ஷீல்டைத் திரும்ப மாட்டுங்க. மூட்டுல சாதாரண சிலிக்கான் பசை தடவாதீங்க, சென்சார் கெட்டுப்போகும்.

கடைசியா லீக் டெஸ்ட். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, குழாய் சூடேறும் முன்னாடி ஒவ்வொரு மூட்டுலயும் சோப்புத் தண்ணி அடிங்க. குமிழி வந்தா லீக். இதை மூடின கராஜுக்குள்ள செய்யாதீங்க. நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒருமுறை மறுபடி பாருங்க.

சரி, நண்பன் காருக்கு என்ன ஆச்சு?

வேலை பார்த்தவர் டர்போவுக்கும் டவுன்பைப்புக்கும் நடுவுல பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தார். அந்த இடைவெளி வழியா உள்ளே போன வெளிக்காற்றை முன் சென்சார் பார்த்து, பெட்ரோல் பத்தலைன்னு இ.சி.யூகிட்ட தப்பா சொல்லியிருக்கு. இ.சி.யூவும் கூடுதலா ஊத்தியிருக்கு. மைலேஜ் போனது அதனாலதான். செக் இன்ஜின் லைட் எரிஞ்சது கன்வெர்ட்டர் இல்லாததால.

அதே இடைவெளி வழியா பானெட்டுக்குள்ள கசிஞ்ச புகை, கண்ணாடிக்குக் கீழே ஏசி காற்று உறிஞ்சற வழியா உள்ளே வந்திருக்கு. அம்மாவுக்கு வந்த தலைவலி அதுதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். நீண்ட பயணத்துல கண்ணாடியை ஏத்திட்டுத் தூங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே பயமா இருக்கு.

பழைய டவுன்பைப்பை அவன் தூக்கிப் போடாம வச்சிருந்தது நல்லதாப் போச்சு. புது கேஸ்கெட்டோட அதைத் திரும்ப மாட்டினோம். லைட் அணைஞ்சது, மைலேஜ் வந்தது, தலைவலி போச்சு. பின்பக்க சைலன்சரையும் அவனே கழட்டிட்டான். அம்மா கேட்கவே இல்ல.

நீங்களும் ஏதாவது மாத்தினா, கழட்டின ஒரிஜினல் பாகங்களை பத்திரமா வச்சுக்கோங்க. மாட்டின பிறகு காருக்குள்ள யாருக்காவது தலை வலிச்சா, கண்ணாடியை இறக்கிட்டு முதல்ல வண்டியை நிறுத்துங்க. மாத்திரை அப்புறம் பார்த்துக்கலாம்.