தொழிற்சாலை மூடினாலும் ஓடும் கார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பானெட்டைத் திறந்தாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். மற்ற கார்களில் மேல்மூடி மட்டும்தான் எழும்பும். ஹெரால்டிலோ ஹெட்லைட், மட்கார்டு, கிரில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து காரின் முன்பாதி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். இன்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் அத்தனையும் கண்ணெதிரே இருக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து, கையெட்டும் தூரத்தில் எல்லா வேலையையும் முடிப்பார்.

இந்தக் கார் 1961 முதல் நம் சென்னையில் தயாரானது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டது. கம்பெனி இல்லை, டீலர் இல்லை, சர்வீஸ் சென்டர் இல்லை. இருந்தும் ஹெரால்டுகள் இன்னும் சாலைக்கு வருகின்றன. அவற்றை ஓடவைப்பது பணம் மட்டுமல்ல. வாங்குபவரின் பொறுமையும் பட்டறைக்காரரின் கைத்திறனும் சேர்ந்த பொழுதுபோக்கு இது. வாரம் முழுவதும் அலுவலகம் போய்வருபவர் ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரைக் கையில் எடுப்பதும் இதற்காகத்தான்.

பிரித்துக் கோக்கிற பாடி

ஹெரால்டு பிறந்த கதையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். பிரிட்டனின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லை. ஆகவே, தனித்தனிப் பட்டறைகளில் செய்த பகுதிகளை போல்ட் போட்டு இணைக்கும்படி ஒரு பாடியையும், அதைத் தாங்கத் தனி சேஸியையும் வடிவமைத்தார்கள். கூர்மையான, எடுப்பான அந்தத் தோற்றத்தைத் தந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-இல் கார் வெளிவந்தது.

வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவுதான் இன்று பழைய கார் பிரியர்களுக்கு வரமாக இருக்கிறது. மட்கார்டு துருப்பிடித்தால் அந்தப் பகுதியைக் கழற்றி டிங்கரிங் செய்து மறுபடி மாட்டலாம். வேண்டுமென்றால் பாடியை முழுவதும் தூக்கி வைத்துவிட்டு, சேஸியைச் சுரண்டி பெயின்ட் அடிக்கலாம். இன்றைய கார்களில் பாடியும் சேஸியும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டவை. வீட்டு முற்றத்தில் அவற்றைப் பிரிக்க முடியாது.

சென்னையில் அந்தக் கார் வேறொரு வளர்ச்சியும் கண்டது. பிரிட்டனில் இரண்டு கதவுடனேயே இருந்த ஹெரால்டுக்கு, 1968-இல் வந்த மார்க் 3-இல் நம்மவர்கள் நான்கு கதவு வைத்தார்கள். உள்ளே அதே 948 சிசி இன்ஜின். அடுத்து வந்த 'கஸெல்' என்ற மாடலில் பின் ஆக்ஸிலையும் மாற்றினார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசையும் 'ஸ்விங் ஆக்ஸில்' அமைப்பு கொண்டவை. வேகமாகத் திரும்பும்போது சக்கரம் உள்பக்கம் மடியப் பார்க்கும். வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. கஸெல்லில் வழக்கமான நேர் ஆக்ஸில் வந்தது. ஒரு காரை நம் ஊருக்கு ஏற்ப மாற்றும் வேலையைத் தொழிற்சாலையே அன்று தொடங்கிவைத்தது.

சின்ன வேலை, பெரிய பலன்

பழைய கார் என்றாலே ஓயாமல் ரிப்பேர் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பாதிச் சங்கடங்கள் சின்னக் கவனிப்பு தவறுவதால் வருபவை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் தேய்ந்து இடைவெளி மாறினால், காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஏற்றத்தில் இழுவை குறையும். அந்த இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து 15 பங்கு இருக்கவேண்டும். வால்வு டேப்பட்டுக்கு, இன்ஜின் ஆறியிருக்கும்போது 10 பங்கு. ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஸ்பானர், அரை நாள் ஓய்வு இருந்தால் இந்த வேலைகளை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு வேலையோ உயிர் காப்பது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, கீழே 'ட்ரன்னியன்' என்ற வெண்கலப் பாகத்தின் மரைக்குள் சுழல்கிறது. அதற்குள் கிரீஸ் அடிக்கக்கூடாது. கெட்டியான கியர் ஆயில்தான் விடவேண்டும். கிரீஸ் அடியாழம் வரை போகாமல் மேலேயே தங்கிவிடும். உள்ளே காய்ந்து, தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் தண்டு உடைந்து சக்கரம் மடிந்துவிடும். விவரம் தெரியாத பட்டறையில் எல்லா நிப்பிளுக்கும் ஒரே கிரீஸ் கன்னை வைப்பார்கள். தெரிந்த மெக்கானிக் ஆயில் கன்னைத் தனியாக எடுத்து வருவார். பழைய கார்ப் பிரியத்தின் சாரமே அந்த வேறுபாடுதான். இத்தகைய அறிவு பெரும்பாலும் கைமாறிக் கைமாறித்தான் வந்திருக்கிறது.

உதிரிபாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. பழைய பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் புஷ் கடைந்துகொள்ளலாம். சிலிண்டரை போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஹெரால்டின் சேஸியிலிருந்து பிறந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் உலகம் முழுவதும் விரும்பப்படும் ஸ்போர்ட்ஸ் கார் என்பதால், அதற்குப் பொருந்தும் பல பாகங்கள் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. வரவழைத்தால் விலை கூடும். ஆனால் கதவு அடைபடவில்லை.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

பழைய காரில் எதையுமே மாற்றக்கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிட்டது. 2000-இல் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம்தான் பழைய இன்ஜின்களின் வால்வு சீட்டைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட்டைப் பதித்துவிட்டால் கவலை தீர்ந்தது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் அரிக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்கவைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் போடுவது காரைக் கெடுப்பதாகாது. தீப்பிடிக்காமல் காப்பாற்றுவதாகும்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், பின்சீட்டு வரை சீட் பெல்ட் ஆகியவை எல்லாம் நல்ல மாற்றங்களே. ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும்: நாளைக்கு வேறொருவர் கழற்றிவிட்டுப் பழையதை மாட்ட முடியவேண்டும். இதற்காகச் சேஸியை அறுக்கக்கூடாது. டாஷ்போர்டில் புதிய ஓட்டை போடக்கூடாது. கழற்றிய அசல் பாகத்தை எண்ணெய் தடவிச் சுற்றி, எந்த வருடம் எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, காருடனேயே வைக்கவேண்டும். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான 'ஃபிவா'வின் டூரின் சாசனமும் இதே கருத்தைத்தான் சொல்கிறது.

புது ஜப்பானிய இன்ஜினும் அகல டயரும் போட்டு, கூரையை வெட்டித் தாழ்த்தி, பழைய காரைப் புதுக் காராக ஆக்குகிறவர்களின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால், இனி எங்கும் செய்யப்படாத ஒரு காரை அறுத்தால், நாட்டில் அந்தக் கார் ஒன்று குறைகிறது. அந்தத் திறமையைக் காட்ட, இன்னும் ஏராளமாகக் கிடைக்கும் கார்களே போதும்.

சட்டமும் ஏறக்குறைய அதே பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2021-இல் மத்திய அரசு, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'வின்டேஜ்' பதிவு கொண்டுவந்தது. எண் பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவு கிடையாது. பதிவு பெற்ற வண்டியைத் தினசரிப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வாரம் ஒருமுறையாவது குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வர நினைப்பவர், வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொண்டு எஃப்.சி. எடுப்பதே நல்லது. ஓடாமல் நிற்கும் கார்தான் வேகமாகக் கெடும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு

பெயின்ட்டின் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். பட்டி பூசி மேலே வண்ணம் அடித்தால் துரு தெரியாது. காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. சேஸியின் ஓரக் கிளைகளைக் கீழே படுத்துப் பாருங்கள். இன்ஜினைச் சரிசெய்துவிடலாம், உளுத்த சேஸியைச் சரிசெய்யச் செலவும் காலமும் இரண்டு மடங்காகும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் வண்டியிலிருப்பவையும் ஒன்றா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். காரின் விலைக்குச் சமமான தொகையைப் பழுதுபார்க்க ஒதுக்கிவைத்துக்கொண்டால் நடுவழியில் மனம் தளராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் மெக்கானிக்கைத் தேடுங்கள். பிறகு காரைத் தேடுங்கள். ஹெரால்டையும் அம்பாசடரையும் பத்மினியையும் காதால் கேட்டே கோளாறு சொல்லும் அண்ணன்களுக்கு இன்று வயதாகிவிட்டது. அவர்களுடைய பட்டறைகளில் புதிதாக வேலை கற்கும் பையன்கள் குறைவு. வண்டியை விட்டுவிட்டு மாலையில் வந்து வாங்கிப் போகாமல், பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள், படம் எடுங்கள், எழுதி வையுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். உதிரிபாகத்தை லேத்தில் கடைந்துகொள்ளலாம். ட்ரன்னியனுக்கு எது விடவேண்டும் என்று அறிந்த ஒரு ஆளை எந்த லேத்திலும் கடைய முடியாது.