உங்களுக்குத் தெரியுமா? சின்தசைசரில் தப்புப் பறையின் சத்தம் பிறப்பது எப்படி?

இலங்கை மலையகத்தின் உடப்புசல்லாவைத் தோட்டங்களில் திருவிழாவுக்குத் தப்பு எடுப்பவர்கள், முதலில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள். மலைப் பனியில் ஈரமேறித் தொய்ந்த தோல், சூடு பட்டால் இறுகிச் சுருதி ஏறும். ஓங்கி அடிக்கும்போதும் அதுதான் நடக்கிறது, கண்ணிமைக்கும் நேரத்துக்குள். அடிபட்ட தோல் கூடுதலாக இழுபடுவதால் சுருதி சற்றே உயர்ந்து, உடனே இறங்குகிறது.

சின்தசைசர் அந்த இறக்கத்தைத்தான் களவாடுகிறது. வெறும் சைன் அலை ஒன்றை 200 ஹெர்ட்ஸில் தொடங்கி, 50 மில்லி செக்கனுக்குள் 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்: ‘டும்’! இறக்கத்தை வரையறுப்பது பிட்ச் என்வலப். அதை நீட்டினால் ‘டியூ...’ என்று பழைய டிஸ்கோ முரசு கேட்கும். குச்சி படும் ‘பளீர்’ வேண்டுமென்றால் கொஞ்சம் இரைச்சலைக் கலந்து, உயர் அதிர்வெண்களை வடிக்கும் ஃபில்டரைத் திறந்து சட்டென மூடவேண்டும். நிஜத் தோலிலும் உயர் அதிர்வெண்கள்தாம் முதலில் அடங்குகின்றன. (தப்படிக்கிறவரின் கைநுணுக்கம் இதில் வராது, அது வேறு கதை.)

இத்தகைய மின்னணுச் சத்தங்களை ராகங்களோடு சேர்த்தவரும் உண்டு. மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் டிஆர்-808 தாளக்கருவி, டிபி-303 பேஸ் கருவி, ஜூபிட்டர்-8 சின்தசைசர் ஆகியவற்றைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். அன்று சீந்துவாரில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. ஏனென்றால், அதே 303இன் வழுக்கும் சுருதியையும் நெளியும் ஃபில்டரையும் வைத்தே சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ இசை பிறந்தது. அதன் முன்னோடியான ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளிவந்தது சிங்கின் தட்டுக்கு ஐந்தாண்டு கழித்து, 1987இல்!