சக்கரத்துக்குள் ஒரு மணி

போன வாரம் என் பழைய கார், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்பக்கம் 'கிரீச்' என்று கத்தியது. ஏதோ உடைந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அது பள்ளிக்கூட மணி மாதிரி, வேண்டுமென்றே வைத்தது!

பட்டம் விட்டிருப்பீர்கள். விறுவிறுவென்று ஓடும் நூலை இரண்டு விரலால் இறுக்கினால்? நூல் நிற்கும், விரல் சுடும். டிஸ்க் பிரேக்கும் அதேதான். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, டிஸ்க். அதை இருபுறமும் கவ்வும் விரல்கள், பிரேக் பேட். காரின் ஓட்டம் சூடாக மாறிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது சூடு நான்கு மடங்கு!

பேடை மாம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்வது சதை, புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர். பின்னால் உள்ள இரும்புத் தகடு, கொட்டை. சதை 2, 3 மில்லிமீட்டராகக் குறைந்ததும் ஒரு குட்டி இரும்பு நாக்கு டிஸ்க்கில் உரசும். அதுதான் கிரீச்! புரிகிறதா?

ஞாயிற்றுக்கிழமை நானே பேடை மாற்ற உட்கார்ந்தேன். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. போட்டு வைத்தால் பேடைக் கழற்ற முடியாது. எடுத்தால் கார் உருளும். என்ன செய்யலாம்? சபாஷ், முன் சக்கரத்துக்குக் கட்டை! ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. நீங்கள் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

பழைய டிஸ்க்கும் தேய்ந்திருந்தது. எவ்வளவு வரை தேயலாம் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டியிருந்ததால், டிஸ்க்கையும் மாற்றினேன்.

புதுப் பேட் தடிமன். அதற்கு இடம்விட, பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே போக வேண்டும். முன் சக்கரத்தில் அழுத்தினால் போகும். என் காரின் பின் சக்கரத்திலோ, பாட்டில் மூடி மாதிரி திருக வேண்டும். ஹேண்ட் பிரேக்குக்கான மரை உள்ளே இருக்கிறதே! முன்பொரு முறை இது தெரியாமல் அரை மணி நேரம் அழுத்தினேன். வேர்த்ததுதான் மிச்சம்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைச் சுத்தமாகத் துடைத்தேன். எண்ணெய் பூசிய விரலில் பட்டத்தின் நூல் நிற்குமா?

மாட்டி முடித்து பிரேக்கை மிதித்தால், கால் அடிவரை போனது! பயப்படாதீர்கள். உள்ளே போன பிஸ்டன் திரும்பி வர நாலைந்து மிதி வேண்டும். பிறகு கெட்டியானது. அதற்கு முன் வண்டியை நகர்த்தவே கூடாது.

இரவு மழை. காலையில் பார்த்தால் புது டிஸ்க் முழுக்க செம்மண் நிறத் துரு! கடைத்தெரு வரை போய்வந்தேன். பளபளவென்று இருந்தது. துடைத்தது யார்? சொல்லுங்கள் பார்ப்போம்.