பழைய டிராக்டரின் மீட்டரைக் கழற்றும் முன்...

'அப்பா காலத்து மாஸி ஃபெர்குசன் டிராக்டர் இன்னும் உழவுக்குப் போகிறது. ஆனால், டேஷ்போர்டில் ஒரு முள்ளும் அசைவதில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புது செட் மாட்டலாமா, பழையதையே தேட வேண்டுமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் அடங்காது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு, மாஸி ஃபெர்குசன் வண்டிகள் இங்கேயே தயாராயின. அதனால் நம் ஊர்க் கொட்டகைகளில் பழைய மாஸிகளுக்குப் பஞ்சமில்லை. இன்ஜின் கெட்டியாக இருக்கும். மீட்டர்தான் முதலில் போகும். 'அது வெறும் அழகுக்குத்தானே' என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயியின் வயலுக்கு நாற்று நடவு பார்க்கப் போனேன். சேற்றுழவு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக மாட்டிய டெம்பரேச்சர் மீட்டரைப் பெருமையாகக் காட்டினார். முள் நடுவில், பச்சையில் நின்றது. 'நல்லாத்தான் இருக்கு' என்று நானும் சொன்னேன். அன்று மதியமே ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகி, ஹெட் வளைந்து வண்டி நின்றது. அப்போதும் முள் பச்சையில்தான் இருந்தது! இன்ஜினில் இருந்த சென்சார் ஒரு வகை, மாட்டிய மீட்டர் வேறு வகை. வேலை செய்யாத மீட்டர் இருந்திருந்தால், அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாவது பார்த்திருப்பார். பொய் சொல்லும் மீட்டர், செத்த மீட்டரைவிட ஆபத்து.

எனவே, கழற்றும் முன் அடையாளம் காணுங்கள். முகப்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், தயாரித்த கம்பெனியின் பெயரும், பெரும்பாலும் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் ஒரு குறியீட்டு எண்ணும் தெரியும். கடையில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான். டேஷ்போர்டு ஓட்டையின் அளவு ஒன்றாக இருப்பதால் மட்டும் மீட்டர் ஒன்றாகிவிடாது. பின்புறம் வருவது ஒயரா, மெல்லிய செம்புக் குழாயா, சுழலும் கேபிளா என்று பார்த்து, கழற்றும் முன்பே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செம்புக் குழாய் இன்ஜின் தண்ணீருக்குள் போனால் அது பழைய வகை டெம்பரேச்சர் மீட்டர். குழாய், நுனிக் குமிழ், மீட்டர் மூன்றும் ஒரே உறுப்பு. குழாயை வெட்டினாலோ மடக்கி ஒடித்தாலோ உள்ளிருப்பது வெளியேறி, மீட்டர் மொத்தமும் வீண். சோதிப்பது எளிது. குமிழைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டால் முள் 100-ஐ ஒட்டி வர வேண்டும். முகப்பு ஃபாரன்ஹீட்டில் இருந்தால் 212. அதில் 180 என்று காட்டினால் பதறாதீர்கள். அது 82 டிகிரி செல்சியஸ்தான்.

ஆயில் பிரஷர் மீட்டரிலும் இதே குழப்பம் உண்டு. பழைய முகப்பு பி.எஸ்.ஐ. கணக்கில் இருக்கும், புதியது கிலோ கணக்கில் வரலாம். ஒரு கிலோ என்பது சுமார் 14 பி.எஸ்.ஐ. பழையதில் 40 காட்டிய அதே அழுத்தம் புதியதில் 2.8. 'பிரஷர் இறங்கிடுச்சு' என்று இன்ஜினைப் பிரிக்கக் கிளம்பாதீர்கள். மரை பொருந்தாவிட்டால் ஸ்பேனர் போட்டு முறுக்கித் திணிக்கவும் கூடாது. ஓடும்போது அந்த இணைப்பு விட்டால், ஆயில் முழுக்க வெளியே பீய்ச்சிவிடும்.

கேபிளில் ஓடும் டிராக்டர் மீட்டரில்தான் ஏமாற்றம் அதிகம். சுற்று வேகம், ஓடிய மணி இரண்டையும் அதுவே காட்டும். ஆனால் அது கடிகாரமல்ல. இன்ஜின் சுற்றை எண்ணித்தான் மணியைக் கூட்டுகிறது. 1,500 சுற்றுக்கு அமைத்த மீட்டரில், 750 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை மணிதான் ஏறும். வேறு வண்டியின் மீட்டரை மாட்டினால் கேபிளின் சுற்று விகிதமும், சுற்றும் திசையும் மாறலாம். விகிதம் மாறினால் பி.டி.ஓ.வுக்கான 540 குறியும் பொய்யாகும். குறியில் முள் நிற்கிறதே என்று நம்பி, கதிரடிக்கும் இயந்திரத்தை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டுவீர்கள். பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் ஆபத்து. மாட்டியதும் கை டேக்கோமீட்டரால் பி.டி.ஓ. ஷாஃப்டை ஒருமுறை அளந்துவிடுங்கள். ஷாஃப்ட் மூடியைக் கழற்றாமல், தள்ளி நின்று அளக்கும் வகைதான் நல்லது.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சில வண்டிகளில் மீட்டர் கேபிள் டைனமோவின் முதுகிலிருந்துதான் வரும். டைனமோ போனால் மீட்டரும் நிற்கும். அடுத்தது ஆம்ப் மீட்டர். சார்ஜ் கரன்ட் அதன் வழியாகவே ஓடுகிறது. 30 ஆம்பியர் மீட்டருக்குள் அதைவிடப் பெரிய ஆல்டர்னேட்டரின் கரன்ட் பாய்ந்தால் சூடேறி, ஒயரே பற்றிக்கொள்ளும். அங்கே வோல்ட் மீட்டருக்கு மாறுவதே என் யோசனை. பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த் ஆகியிருக்கும். கை வைக்கும் முன் எலெக்ட்ரீஷியனிடம் அதையும் காட்டுங்கள்.

வாசகருக்கு என் பதில் இதுதான். செட்டாக மாற்ற வேண்டாம். முதலில் ஆயில் பிரஷர், அடுத்து டெம்பரேச்சர். இவை இரண்டும் ஒழுங்கான பிறகு மற்றவை. குறியீட்டு எண் பொருந்தும் பழையது கிடைத்தால், சோதித்துப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சென்சாரும் மீட்டரும் ஜோடியாக வரும் புதியதை மாட்டலாம், தவறில்லை. டிராக்டர் மீட்டரை மாற்றும் அன்று, பழையதில் உள்ள மணியையும் தேதியையும் நோட்டில் குறித்து ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். பிறகு வண்டியை விற்கும்போது, வாங்குபவரிடம் அதைக் காட்ட வேண்டும். பழைய மீட்டரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முகப்பையும் பின்புறத்தையும் படமெடுத்து நம் இதழுக்கு அனுப்பினால், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.