சாக மறுக்கும் வெள்ளணு

செஞ்சிப் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் ஜெர்சிக் கலப்புப் பசு தீனி எடுக்காமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை பால் சொசைட்டிக்குக் குறைவில்லாமல் ஊற்றிக்கொடுத்த மாடு. இன்று அசை போடவில்லை, மடி வற்றிவிட்டது, கண்ணில் நீர் வடிகிறது. மாட்டு டாக்டர் வந்து தெர்மாமீட்டர் வைத்தால் 105, 106 டிகிரி காட்டும். அடுத்து அவர் கை தன்னால் போகும் இடம் தோள்பட்டைக்கு முன்பக்கம். தோலுக்கு அடியில் உருண்டு திரண்டு நெறி கட்டியிருந்தால், காது மடலைத் திருப்பிப் பார்ப்பார்; வாலைத் தூக்கிப் பார்ப்பார். அவர் தேடுவது உண்ணியை.

அவர் மனத்தில் ஓடுகிற நோயின் பெயர் தைலீரியோசிஸ். உண்டாக்குவது தைலீரியா அன்னுலேட்டா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மலேரியாக் கிருமிக்குத் தூரத்து உறவு. கலப்பினப் பசு பெருகிய தமிழ்நாட்டுக்கு இது புதிய நோயல்ல. ஆனால் உடம்புக்குள் போய் அது செய்கிற வேலையை அறிந்தால், கோபத்தை மீறி வியப்புதான் வரும்.

முதலில் உண்ணி. இந்த நோயைச் சுமப்பது எல்லா உண்ணியும் அல்ல. ஹையலோமா என்ற இனம். கால்களில் வெளிறிய வளையம் வளையமாகப் பட்டை போட்டிருக்கும், கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தெரியும். மாட்டின் மேலேயே வாழ்நாளைக் கழிக்கிற சாது அல்ல இது. குடித்து முடித்ததும் கீழே விழுந்து, கொட்டகைச் சுவரின் விரிசலிலும் கல் இடுக்கிலும் போய்ப் பதுங்கும். அங்கேயே தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வளரும். பெண் உண்ணி அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கவும் அதற்குத் தெரியும். கருங்கல்லை அடுக்கி மண் பூசிய சுவரும், வெயிலில் காய்ந்த தரையும் உள்ள ஊரில் ஹையலோமாவுக்கு வீட்டுப் பஞ்சமே இல்லை.

குட்டிப் பருவத்தில் நோயுள்ள மாட்டின் ரத்தத்தைக் குடிக்கும்போது ஒட்டுண்ணி உண்ணிக்குள் போகிறது. உண்ணியின் குடலில் ஆணும் பெண்ணுமாகக் கலந்து, பிறகு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த உண்ணி வளர்ந்து, பசியோடு வேறொரு மாட்டைக் கடிக்கும்போதும் ஒட்டுண்ணி உடனே கிளம்பிவிடுவதில்லை. புது ரத்தத்தின் சூடும் சத்தும் பட்ட பிறகுதான் அது முதிர்ந்து, பல்லாயிரம் வித்துகளாக உடைகிறது. இதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கடித்த உண்ணியை முதல் நாளே பிடுங்கிப் போட்டால் பெரும்பாலும் நோய் வராது என்பதற்கு இதுதான் காரணம். தினமும் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்துக்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது.

மாட்டுக்குள் புகுந்ததும் வித்துகள் நேராக வெள்ளணுக்களைத் தேடுகின்றன. அந்நியக் கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய அணுக்களுக்குள்ளேயே நுழைகின்றன. செஞ்சிக் கோட்டைக்குள் புக முகலாயத் தளபதி சுல்பிகார் கானுக்கு 1690 முதல் 1698 வரை முற்றுகை தேவைப்பட்டது. தைலீரியாவுக்குச் சில நிமிடம் போதும். வெள்ளணு அதைச் சுற்றி ஒரு சவ்வுப் பையைக் கட்டி அழிக்கப் பார்க்கிறது. ஒட்டுண்ணியோ அந்தப் பையைக் கரைத்துவிட்டு, அணுவின் நடுவே சுதந்திரமாகக் கிடக்கிறது. அங்கே வளர்ந்து பல உட்கருக்கள் கொண்ட திரளாகிறது. நெறியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் நீலத் திட்டுகளாகத் தெரிவது இதுதான். அவற்றுக்கு ராபர்ட் கோக் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு வெள்ளணு பெருக ஆரம்பிக்கிறது. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, நிறுத்தமே இல்லாமல். சாவு நாள் வந்த அணுவும் சாக மறுக்கிறது. ஒரு செல் பிரியும்போது, உள்ளே இருக்கும் மரபுப் பொருளை இரண்டாகப் பிரித்து இழுக்க மெல்லிய இழைகளால் ஒரு கதிர் உருவாகும். தைலீரியா போய் அந்தக் கதிரிலேயே ஒட்டிக்கொள்கிறது. வெள்ளணு தன் பங்கை இரண்டாகப் பிரிக்கும்போது ஒட்டுண்ணியையும் சேர்த்தே பிரித்து, பிறக்கும் இரண்டு அணுவுக்கும் ஆளுக்குப் பாதி கொடுத்துவிடுகிறது. தனியாக வெளியே வந்து அடுத்த அணுவைத் தேட வேண்டிய சிரமமே இல்லை. டாக்டரின் விரலுக்குத் தட்டுப்பட்ட அந்த நெறி இப்படிப் பெருகியதுதான்.

கேட்டால் புற்றுநோய் போல இருக்கிறதல்லவா? நடத்தையில் அதேதான். இந்த அணுக்களைச் சோதனைச் சாலைக் குடுவையில் வளர்த்தால் வருடக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும். ஆனால் பூபார்வாகோன் என்ற மருந்தைச் செலுத்தி உள்ளிருக்கும் ஒட்டுண்ணியைக் கொன்றால், வெள்ளணு பெருகுவதை நிறுத்திவிட்டு மற்ற அணுக்களைப் போலச் செத்துவிடுகிறது. மாட்டின் மரபணுவில் எதுவும் கெட்டுப்போகவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவன்தான் ஆட்டி வைத்தான். புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் மாட்டு நோயின் பக்கம் திரும்பிப் பார்ப்பது இதனால்தான். இந்த ஒட்டுண்ணி சுரக்கும் ஒரு புரதம் வெள்ளணுவைப் பெருகத் தூண்டுகிறது என்றும், பூபார்வாகோன் அந்தப் புரதத்தை முடக்குகிறது என்றும் 2015இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணியில் அதே புரதம் மாறிப்போயிருந்ததையும் அதில் காட்டினார்கள்.

இத்தனை அட்டகாசமும் பெரும்பாலும் கலப்பின மாட்டிடம்தான். நாட்டு மாட்டுக்குள்ளும் இதே ஒட்டுண்ணி போகிறது. லேசாகக் காய்ச்சல் அடித்து, பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்கும் பரவும்; மாடு தேறிய பிறகும் அவற்றில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு உண்ணிக்கு வழங்கிக்கொண்டே இருக்கும். சாகிவால் என்ற நாட்டினக் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் என்ற சீமை இனக் கன்றுகளுக்கும் ஒரே அளவு ஒட்டுண்ணியைச் செலுத்திப் பார்த்த சோதனையில் சாகிவால் கன்றுகள்தான் சமாளித்தன. அவற்றின் உடம்பு ஒட்டுண்ணியை விரட்டிவிடவில்லை. தன் எதிர்ப்பை அளவோடு வைத்துக்கொள்கிறது. சீமை இனத்தைப் பாதி கொல்வது அதன் சொந்த எதிர்ப்பு வேகம்தான்.

இதைப் போன்ற கதையை அமெரிக்காவும் பார்த்திருக்கிறது. டெக்சாஸ் பக்கத்து மாடுகள் நன்றாகத்தான் இருக்கும். அவை வடக்கே போன இடமெல்லாம் வடக்கத்தி மாடுகள் ரத்த மூத்திரம் போய்ச் செத்தன. உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சொன்னதை மெத்தப் படித்தவர்கள் நம்பவில்லை. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற ஆராய்ச்சியாளர்கள் வேலி போட்ட வயல்களில் மாடுகளைப் பிரித்துக் கட்டி, உண்ணியை ஒன்றுவிடாமல் பொறுக்கிய தெற்கத்தி மாட்டையும் பொறுக்காத மாட்டையும் வைத்துச் சோதித்து, 1893இல் மாட்டுக்காரர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். அந்த நோய்க்குக் காரணம் தைலீரியாவின் உறவான பாபீசியா. கணுக்காலி உயிரினம் நோயைக் கடத்தும் என்று மாட்டில் நிரூபித்தது அதுவே முதல் முறை. செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாவைப் பார்த்தது அதற்கு நான்கு வருடம் கழித்து.

கொட்டகையில் செய்ய வேண்டியதை எல்லோரும் சொல்வார்கள்: மாட்டுக்கு மட்டும் மருந்தடித்துச் சுவரை விட்டுவிடக் கூடாது. மாட்டின் மேல் தெரிவது உண்ணிப் பட்டாளத்தில் சிறு பங்கு, பெரும்பங்கு சுவரில். ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தால் உண்ணி அதைப் பழகிக்கொள்ளும். பூண்டு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை அரைத்த சாறு பூசுவதைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பரப்பியிருக்கிறார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் நெறி கட்டிய மாட்டுக்கு டாக்டர்தான் வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்.

தடுப்பூசியும் இருக்கிறது. சாகாத அந்த வெள்ளணுக்களையே குடுவையில் மறுபடி மறுபடி வளர்த்து வந்தால், ஒரு கட்டத்தில் ஒட்டுண்ணியின் வீரியம் குறைந்துவிடும். அப்படிச் சாதுவாக்கிய உயிரணுக்களைத்தான் மாட்டுக்குப் போடுகிறார்கள். ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் ரக்ஷாவாக்-டி என்ற பெயரில் தயாரித்தது. உயிருள்ள அணு என்பதால் ஐஸ் பெட்டி போதாது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனில் மூழ்கியே கிராமத்துக்கு வர வேண்டும், உருக்கியவுடன் போட்டுவிட வேண்டும். ஜெர்சிக் காளையின் விந்துக் குச்சிகள் சினை ஊசிக்காக ஊர் ஊராக வந்ததும் இதே நைட்ரஜன் கேனில்தான். அந்தக் கேன் இன்றைக்கும் கால்நடை மருந்தகங்களில் நிரம்பித்தான் நிற்கிறது. அதில் தடுப்பூசிக்கு இடம் ஒதுக்குவதுதான் மிச்சம்.